பூட்டினேனா, பூட்டவில்லையா? 45 வயதுப் பெண்களை வாட்டும் மறதி

காலை 6 மணி.

கம்பெனி பஸ் வர இன்னும் 10 நிமிஷம்தான் இருக்கிறது. ஆம்பூரை அடுத்த ஒரு கிராமம். ஒரு தாய் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வருகிறாள். பாதி வழியில் கால் நின்றுவிடுகிறது.

"வீட்டைப் பூட்டினேனா, பூட்டவில்லையா?"

திரும்பி ஓடுகிறாள். பூட்டு தொங்குகிறது. மூச்சு இரைக்கத் திரும்பி வருகிறாள். மறுபடியும் ஒரு சந்தேகம்.

"காஸ் அடுப்பை அணைத்தேனா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டாள். ஆனால் நினைப்பு எல்லாம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

ஷூவின் மேல்பாகத்துக்கு 'அப்பர்' என்று பெயர். அதைத் தைப்பதுதான் அவள் வேலை. 18 ஆண்டு அனுபவம். கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள் என்று கம்பெனியில் பெயர் எடுத்தவள். அப்படிப்பட்டவள், அன்று 38-ஆம் நம்பர் துண்டையும் 39-ஆம் நம்பர் துண்டையும் கலந்துவிட்டாள்.

"என்ன அக்கா, நம்பர் மாறிப் போச்சே! கவனம் எங்கே இருக்கு?" என்று கேட்டார், சூப்பர்வைசர். அவருக்கு அவளுடைய மகன் வயது.

மாலையில் வீட்டுக்கு வந்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். கணவர் முகத்தைச் சுளித்தார். "அம்மாவுக்கு வயசாகிப் போச்சு" என்று மகள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, தனியாக அழுதாள்.

"எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?"

அவளுக்கு வயது 46.

பாலாற்றங்கரையில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. வெளியே சொல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை.

தோல் சீமையின் பெண்கள்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த ஊர்களுக்குத் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை.

முன்பு இங்கே தோலைப் பதனிட்டு அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1970-களில் மத்திய அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பது அரசின் கொள்கை. அதன் பிறகு ஷூ கம்பெனிகள் பெருகின.

தோல் பதனிடும் இடத்தில் ஆண்களே அதிகம். ஷூ தைக்கும் இடத்தில் பெண்களே அதிகம். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கம்பெனி பஸ் ஏறினார்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள், அப்பர் துண்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து ஊசியால் தைத்தார்கள். அவர்களுக்கு ஜோடிக்கு இத்தனை காசு என்று கூலி.

20 வயதில், 25 வயதில் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பெண்களில் பலருக்கு இப்போது 45 வயது ஆகிவிட்டது. அதாவது, ஒரு தலைமுறையே சேர்ந்தாற்போல் மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு வந்திருக்கிறது.

ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினையாக மட்டும் இல்லை. ஒரு தொழிலின் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

ஏன் இந்த மறதி?

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால், அது நின்றுவிட்டது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். மேல்நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் விளக்கை அணைப்பது போல் ஒரே நாளில் நிற்பதில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடம்பு மாறத் தொடங்குகிறது. ஒரு மாதம் வரும். இரண்டு மாதம் வராது. அந்த இடைக்காலத்தில்தான் தொல்லை அதிகம்.

பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கர்ப்பப்பைக்கு மட்டும்தான் அது வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்கும் அது வேலை செய்கிறது. நினைவைப் பதிய வைக்கும் பகுதிக்கும் அது துணை. இந்த வயதில் அது ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது, பிறகு குறைந்துவிடுகிறது. அந்த மாற்றத்துக்கு மூளை பழகும் வரை தடுமாற்றம்.

பேசும்போது வார்த்தை தொண்டையில் நிற்கும், வெளியே வராது. ஓர் அறைக்குள் போவார்கள். எதற்கு வந்தோம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்கூட மறக்கும். தலைக்குள் பனிமூட்டம் போல் இருக்கும்.

பனி விலகும்!

அமெரிக்காவில் 2,362 பெண்களை 4 ஆண்டுகள் கவனித்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2009-ல் வெளிவந்தது.

அந்தப் பெண்களுக்கு ஞாபக சக்திப் பரீட்சை வைத்தார்கள். அதே பரீட்சையைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள். பழகப் பழக மார்க் ஏறவேண்டும் அல்லவா? மாதவிலக்கு நிற்கும் தறுவாயில் இருந்த பெண்களுக்கு மட்டும் சரியாக ஏறவில்லை.

ஆனால் மாதவிலக்கு முழுதும் நின்ற பிறகு? மறுபடியும் ஏறியது!

இதுதான் பெண்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இந்த மறதி மெய்யானது, கற்பனை அல்ல. ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு இது நிலைத்து நிற்பதில்லை.

"இது கிழவிகளுக்கு வரும் மறதி நோயோ?" என்று சிலர் நடுங்குகிறார்கள். 60 வயதுக்கு முன் அந்த நோய் வருவது மிக அபூர்வம். சாவியை வைத்த இடம் மறந்தால் அது இந்த வயதின் மறதி. சாவி எதற்கு என்பதே மறந்தால் அது நோய். பெயர் மறந்து, சிறிது நேரம் கழித்து நினைவு வந்தால் பயம் வேண்டாம். பல ஆண்டு குடியிருந்த தெருவிலேயே வழி தவறினால் உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

தூக்கத்தைக் கெடுக்கும் காந்தல்

இந்த வயதில் இன்னொரு தொல்லையும் உண்டு. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை நெருப்புப் போல் காந்தும். வியர்த்துக் கொட்டும். சில நிமிஷத்தில் அடங்கிவிடும். பிறகு குளிரும்.

இரவில் இப்படி நாலைந்து தடவை வந்தால் தூக்கம் ஏது? தூக்கம் கெட்ட மூளையில் எது பதியும்?

வேலூர்ப் பக்கத்து வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். வெளியே வெயில், தகரக் கொட்டகைக்குள் மிஷின் சூடு, உடம்புக்குள் காந்தல். மூன்றும் சேர்ந்தால் யாருக்குத்தான் தலை நிற்கும்?

இத்தனைக்கும் அவள் காலை 4 மணிக்கு எழுந்து சோறு ஆக்கி, டிபன் கட்டிவிட்டு வந்தவள்!

எல்லாப் பழியும் வயதுக்கா?

மறதி என்றால் வயதுதான் காரணம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஞாபகத்தைத் திருடும் வேறு திருடர்களும் இருக்கிறார்கள்.

முதல் திருடன் ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாதவிலக்கு நிற்கும் முன் சிலருக்கு உதிரப்போக்கு மிக அதிகமாக இருக்கும். ரத்தம் குறைந்தால் சோர்வு. சோர்ந்தால் கவனம் சிதறும்.

இரண்டாவது தைராய்டு குறைவு. மூன்றாவது சர்க்கரை நோய். நான்காவது பி-12 வைட்டமின் குறைவு. ஐந்தாவது மனச்சோர்வு. இந்த ஐந்தையும் சிகிச்சையால் சரிப்படுத்தவோ, அடக்கி வைக்கவோ முடியும். முதல் நாலையும் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

ஷூ கம்பெனிப் பெண்களுக்கு ஆறாவதாக ஒன்றும் உண்டு. அதுதான் பசை! தோலை ஒட்டும் பசையிலிருந்து கிளம்பும் ஆவியை, காற்றோட்டம் இல்லாத இடத்தில் நாள் முழுதும் சுவாசித்தால் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி எல்லாம் வரும். ஞாயிற்றுக்கிழமை தலை தெளிவாக இருந்து, திங்கட்கிழமை மாலையில் மறுபடியும் கிறுகிறுத்தால் பசையின் மேல் சந்தேகப்பட வேண்டும். "நான் பசை ஒட்டும் இடத்தில் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லவேண்டும். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்

உதிரப்போக்கு தாங்காமல் சிலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். அதோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால், ஹார்மோன் சுரப்பது சட்டென்று குறைந்துவிடும். மெதுவாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்துவிடும். காந்தலும் மறதியும் அவர்களுக்குக் கடுமையாக இருக்கும்.

தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தடுக்கும் விதிகளை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. "எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று அவசரப்படக் கூடாது. "சினைப்பையையும் எடுப்பீர்களா? வேறு வழி உண்டா?" என்று கேட்பது பெண்ணின் உரிமை.

ராணிப்பேட்டையில் பிறந்த ஒரு பெண்

இவ்வளவு தொல்லை இருந்தும் பெண்கள் ஏன் டாக்டரிடம் போவதில்லை? கூச்சம்தான் காரணம்.

கூச்சம் என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அவருடைய தந்தை டாக்டர். ஐடா இளம் பெண்ணாக இருந்தபோது, திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "என் தந்தை வருவார்" என்றார், ஐடா. "ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது" என்று மூவரும் மறுத்துவிட்டார்கள்.

விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவை ஐடா மறக்கவில்லை. அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரியாகவும் கல்லூரியாகவும் நிற்கிறது.

இன்று பல ஊர் ஆஸ்பத்திரிகளில் பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. கணவருக்குக்கூடத் தெரியாமல் மனதுக்குள் மூடிவைத்திருக்கும் கதவைத்தான் இனித் திறக்கவேண்டும்.

பெண்கள் என்ன செய்யலாம்?

பாட்டிமார் முந்தானையில் முடிச்சுப் போட்டு ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அது நல்ல யோசனைதான். அதே போல் இன்னும் சில:

சாவிக்கு வாசற்படி அருகே ஓர் ஆணி. வேறு எங்கும் வைக்கக் கூடாது.

பூட்டும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கை செய்ததைக் காதும் கேட்டால் மனதில் நன்றாகப் பதியும். காஸை அணைக்கும்போதும் அப்படியே.

கடன் தவணை, சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாவற்றையும் தினசரி காலண்டரில் எழுதிவிட வேண்டும். எழுதிவைப்பது வெட்கம் அல்ல. எவ்வளவு பெரிய டாக்டரும் எழுதித்தான் வைக்கிறார்.

ஒரே சமயத்தில் இரண்டு வேலை வேண்டாம். அடுப்பில் பால் இருக்கும்போது செல்போன் பேசக் கூடாது.

மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். படுக்கும்போது மெல்லிய பருத்தித் துணி. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்.

கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, மோர், முடிந்தால் முட்டை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை விடவேண்டும். புகையிலை கூடவே கூடாது.

தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும். தோழியுடன் நடந்தால் மனச்சுமையும் இறங்கும்.

தினமும் பத்திரிகை படிக்கலாம். பேரனுக்குக் கதை சொல்லலாம். புதிதாக எதையாவது கற்றுக்கொள்ளும் மூளை துருப்பிடிப்பதில்லை.

ஞாபக சக்தி லேகியம், டானிக் என்று விளம்பரம் பார்த்துப் பணத்தைக் கொட்டக் கூடாது. காந்தல் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு டாக்டர்கள் பரிசோதித்து ஹார்மோன் மருந்து கொடுப்பது உண்டு. ஆனால் அதைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. 65 வயதுக்கு மேல் அதைத் தொடங்கிய பெண்களுக்கு ஞாபகம் கூடவில்லை, மறதி நோய்தான் கூடியது என்று 2003-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கண்டது.

இரண்டு எச்சரிக்கை. மாதவிலக்கு நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் உதிரம் பட்டால், ஒரு சொட்டு என்றாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். திடீரென்று வாய் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ அது மறதி அல்ல, பக்கவாதம். உடனே 108-க்குப் போன் செய்யவேண்டும்.

கம்பெனி என்ன செய்யலாம்?

18 ஆண்டு தைத்த கை ஒன்று வேலையை விட்டுப் போனால் நஷ்டம் யாருக்கு? புதிதாக வருபவளுக்கு அந்தக் கைப்பழக்கம் வர எத்தனை ஆண்டு ஆகும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நம்பர் துண்டுக்கும் ஒரு கலர் சீட்டு ஒட்டலாம். அப்போது 38-ம் 39-ம் கலக்காது. செய்யவேண்டிய வேலையை வரிசையாக எழுதி மிஷின் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கவிடலாம். மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர், கேட்டவுடன் கழிப்பறை போக அனுமதி, பசை ஒட்டும் இடத்தில் நல்ல காற்றோட்டம். நின்றே வேலை செய்வோர் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது.

இங்கே தைக்கும் ஷூக்களைப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வாங்கிப் போடுகிறார்கள். அந்தப் பிரிட்டனில் 2024 பிப்ரவரியில், சம உரிமை, மனித உரிமைக் கமிஷன் முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லைகள் ஒரு பெண்ணின் அன்றாட வாழ்வை நீண்ட நாள் மிகவும் பாதித்தால், சட்டம் அதை உடல் குறைபாடாகக் கருதலாம். அப்போது வேலையில் நியாயமான மாற்றம் செய்து தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது.

ஷூவை விற்கும் கடையில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு நியாயம். அதே ஷூவைத் தைக்கும் பெண்ணுக்கு வேறு நியாயமா?

வீட்டில் ஜோடிக் கணக்கில் தைப்பவர்கள் நிலை இன்னும் மோசம். ஒரு ஜோடி தவறினால் அந்தக் கூலி போயிற்று. அவர்களுக்குச் சூப்பர்வைசரும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்களோ, அந்த அட்டையைப் பிள்ளைகளின் காய்ச்சலுக்குப் பயன்படுத்துவார்கள். தங்களுக்கென்று பயன்படுத்துவதில்லை.

அரசு என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் அரசு பெயரைப் பதிவு செய்கிறது. ஊசி போடுகிறது. உதவிப் பணம் தருகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு அவளைத் தேடி வருவோர் குறைவு. 2019-21 கணக்கெடுப்பில் ரத்தசோகைக் கணக்குக்கூட 49 வயதோடு நின்றுவிட்டது!

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 45 வயதுப் பெண்ணைப் பார்க்கும்போது அவர்கள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அம்மா, இரவில் தூக்கம் வருகிறதா? மறதி இருக்கிறதா?" அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது இருந்தால், பாதிப் பெண்களின் பயம் அங்கேயே போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அரசும் கம்பெனியும் செய்வதற்கு நாள் ஆகலாம். வீட்டில் இன்றே செய்யலாம்.

குழம்பில் உப்பு கூடினால் சிரிக்கவேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும். "உனக்கு என்ன செய்கிறது?" என்று கணவர் ஒரு வார்த்தை கேட்கலாம். காலையில் டிபன் கட்டும் வேலையைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் தாயின் தலை தெளியும்.

நாளைக் காலை 6 மணிக்கு அந்தத் தாய் மறுபடியும் பாதி வழியில் நிற்கலாம்.

அப்போது மகள் வாசலில் நின்று குரல் கொடுக்கட்டும்:

"காஸை நான் அணைச்சுட்டேன் அம்மா. வீட்டையும் நானே பூட்டிக்கிறேன். நீ பஸ்ஸுக்குப் போ!"